மழை நாளில் எடுக்கக் கூடாத தண்ணீர்

ரெனாத்தோ இஸ்கியெர்தோ ஊரைவிட்டுப் போனது 2009 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு மழை பெய்யவில்லை. சாந்தா ருஃபீனாவில் ஜூன் மாதத்தில் மழை பெய்யாத நாள் என்றால் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பார்கள். அதனால் தேதியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது. பஸ் நிலையத்துக்கு வந்திருந்தது ஒரே ஆள். லோ மார்தோனெஸ் ஏரியில் அன்னப் படகுக்குச் சீட்டுக் கிழிக்கிற எல்சீரா சிஃபுவெந்தெஸ். அவளும் வழியனுப்ப வரவில்லை. படகுக் கொட்டகையின் சாவி அந்த மனுஷனின் சட்டைப்பையிலேயே இருந்தது. அதை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தாள்.

ரெனாத்தோ நகராட்சியின் ஏரி நிபுணர். ஏரியைச் சோதிக்க நிபுணரை வேலைக்கு வைத்த நகராட்சி, ஏரிக்குள் போகப் படகு வாங்க மறந்துவிட்டது. ஆகவே ஐந்து வருஷமாக அவர் எல்சீராவின் அன்னப் படகில்தான் போய்வந்தார். வெள்ளை ஃபைபர் கழுத்து, சிவப்பு மூக்கு, இரண்டு பேர் உட்கார்ந்து சைக்கிள் போல மிதிக்க வேண்டும். காதலர்களுக்காகச் செய்த படகு. அதில் நிபுணர் கையில் குப்பியோடு உட்கார்ந்திருப்பார், எல்சீரா மிதிப்பாள். கரையில் நிற்கிற பள்ளிப் பிள்ளைகள் விசில் அடிப்பார்கள். போன மாதம் அடைமழையில் படகுத்துறைப் பலகை வழுக்கி விழுந்து அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தபோது யோசித்துப் பார்த்திருக்கிறார்: தலைநகரில் மழையும் குறைவு, சம்பளமும் அதிகம்.

கட்டுப் போட்ட கையோடு பஸ் படியில் நின்றுகொண்டு சாவியைக் கொடுத்தார். கூடவே ஒரு துணிப்பையையும் கொடுத்தார். உள்ளே முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டும் பத்துப் பன்னிரண்டு காலிக் குப்பிகளும் இருந்தன.

"இது எதுக்குன்னு தெரியும்ல?"

"ஏன் தெரியாது? தட்ட உள்ள விடணும். எத்தனாவது முடிச்சுல கண்ணுக்கு மறையுதோ அவ்வளவுதான் தண்ணியோட தெளிவு. மிதிச்சவளுக்குத் தெரியாதா?"

"இனிமே நீங்கதான் பாக்கப் போறீங்க. நகராட்சில சொல்லிட்டு வந்திருக்கேன். ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க எல்சீராம்மா. மழையில எடுங்க. விருந்தாளி வர்ற அன்னைக்கு எல்லா வீடும் சுத்தமாத்தான் இருக்கும். கூப்பிடாத அன்னைக்குப் போய்ப் பாத்தாதான் யோக்கியதை தெரியும்."

"நல்லாச் சொன்னீங்க. மழையில போனதுக்கு உங்க தோள் இருக்கிற யோக்கியதையத்தான் பாக்கிறேனே."

பஸ் கிளம்பியது. ரெனாத்தோ நல்ல கையை ஆட்டினார். அப்புறம் அவரிடமிருந்து ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட வந்ததில்லை.

எல்சீராவுக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. புருஷன் நோல்பெர்த்தோ வடக்கே செம்புச் சுரங்கத்துக்குப் போனவன். முதல் இரண்டு வருஷம் வந்து வந்து போனான். அப்புறம் பணம் அனுப்பினான். அப்புறம் அதுவும் இல்லை. படகுத் தொழில் டிசம்பரில் தொடங்குகிற கோடையில் மூன்று மாதம்தான். மீதி மாதங்களில் அக்கா ஃப்ரேசியாவின் பலகாரத் தள்ளுவண்டிக்கு மாவு பிசைவாள். அப்படிப்பட்டவளை நகராட்சி கூப்பிட்டு நிரந்தர வேலை, மருத்துவக் காப்பீடு, மஞ்சள் தலைக்கவசம், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் எல்லாம் தந்தது. மிதிக்கத் தெரிந்த ஆள் வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

வேலையில் சேர்ந்த மறுவாரமே விதி வந்தது.

விதியை எழுதியவர் நகராட்சியின் விபத்துத் தடுப்பு அதிகாரி விளாதிமிர் செபாயோஸ். இந்த நாட்டில் நாலு பேர் வேலை செய்கிற இடத்தில் ஐந்தாவது ஆளாக இப்படி ஒருவர் இருந்தே தீருவார். ரெனாத்தோவின் தோள் உடைந்ததை விளாதிமிர் தன் தோளே உடைந்தது போல எடுத்துக்கொண்டார். பதினான்கு பிரிவுள்ள சுற்றறிக்கை. ஆறாவது பிரிவு இது: மழை பெய்யும்போதும், மழை நின்ற நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ளும் ஏரியில் மாதிரித் தண்ணீர் எடுக்கக் கூடாது.

சாந்தா ருஃபீனாவில் மே மாதம் பிடிக்கிற மழை செப்டம்பரில்தான் விடும். நடுவில் நாற்பத்தெட்டு மணி நேரம் காய்ந்தால் தேவாலயத்தில் மணி அடித்துவிடலாம். அப்படியானால் அந்த ஐந்து மாதக் கணக்கு? அதற்கும் விளாதிமிர் வழி வைத்திருந்தார். ஏப்ரல் மாத அளவையும் அக்டோபர் மாத அளவையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவில் உள்ள மாதங்களுக்குப் போட்டுக்கொள்ளலாம். படிவத்தையும் அதற்கேற்றபடி அச்சடித்தார். வானிலை என்ற இடத்தில் இரண்டே கட்டம்: வெயில், மேகமூட்டம்.

ஆக, மலைச்சரிவுத் தெருக்களின் குப்பையும் சேறும் வண்டி எண்ணெயும் நாய்ப்பீயும் மழையோடு மழையாக வடிகால் குழாய்கள் வழியே ஏரிக்குள் இறங்குகிற காலம் முழுக்க, ஏட்டில் மட்டும் ஏப்ரல் மாதத்து இளவெயில் அடித்துக்கொண்டிருந்தது.

எல்சீரா எதிர்த்தாளா? இல்லை. குளிரில் அடுப்போரம் உட்கார்ந்து மாத்தே கஷாயத்தை உறிஞ்சிக்கொண்டு, மாதக் கடைசியில் ஒரு கையெழுத்துப் போட்டால் சம்பளம் என்றால் யார் எதிர்ப்பார்கள்? "நிறம்: இல்லை. வாடை: இல்லை. தெளிவு: நன்று." கீழே எல்சீரா சிஃபுவெந்தெஸ். பள்ளிக்கூடத்தில் அழகான கையெழுத்து என்று பேர் வாங்கியவள். அதைக் காட்ட முப்பது வருஷம் கழித்து ஓர் இடம் கிடைத்தது. ஒரு மாதமும் விடாமல் போட்டாள்.

ஏரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது பாட்டுக்குப் பச்சையாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் வெயில் பட்டதும் பாசி பொங்கும். கோதுமை மாவை நாள்கணக்கில் புளிக்கவைத்தது போல ஒரு நாற்றம் சதுக்கம்வரை வரும். ஊரில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. நீர்க்கோழி எச்சம் என்றார்கள். எரிமலைச் சாம்பல் என்றார்கள். பௌர்ணமி என்றார் பாதிரியார். வெயில் நாளில் எல்சீரா விடுகிற தட்டு முன்பு ஒன்பதாவது முடிச்சில் மறைந்தது. அப்புறம் ஆறு, அப்புறம் மூன்று. 'நன்று' என்பது எத்தனாவது முடிச்சு என்று விதியில் எங்கும் எழுதவில்லை. எனவே மூன்றும் நன்றாகவே இருந்தது.

ஏட்டில் ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததால் ஊர் அவளுக்குப் பேர் வைத்துவிட்டது. கண்ணாடியம்மா.

சந்தையில் மீன்கார எலெயுத்தேரியோ அவள் தலை தெரிந்ததும் குரல் எடுப்பான். "கண்ணாடியம்மா வர்றாங்க! போன வாரத்து மீனெல்லாம் முன்னாடி எடுத்து வைங்கப்பா, 'வாடை இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்க!"

"உன் வாய்க்கு ஒரு சான்று வேணும்னா சொல்லு, அதுக்கும் போடுறேன். ஆனா மூக்கப் பிடிச்சுக்கிட்டுத்தான் போடணும்," என்பாள் எல்சீரா. சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து மீனைப் பொரித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள்.

2016 நவம்பரில் மீன்கள் செத்து மிதந்தன. விரல் நீள வெள்ளி மீன்கள், கரை ஓரமெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு. மேயர் செய்தியாளர்களைக் கூட்டி ஒரு கோப்பைத் தூக்கிக் காட்டினார். "ஏழு வருஷக் கணக்கு இருக்கு. ஒரு மாசம்கூடத் தவறல. எங்க ஏரிக்கு ஒரு கோளாறும் இல்ல. கோளாறு மீனுக்குத்தான்."

அது சிரிக்கிற விஷயமாகவே போயிருக்கும். ஆனால் மறு ஏப்ரலில் நகராட்சி ஓர் அறிவிப்பு ஒட்டியது. மேட்டில் நானூறு வீடுகளோடு ஒரு புதுக் குடியிருப்பு வரப்போகிறது; அதன் மழைநீர் முழுவதையும் லோ மார்தோனெஸ் ஏரியில் கொண்டுவந்து விடலாம்; ஆகஸ்டில் மன்றக் கூட்டத்தில் முடிவாகும். அறிவிப்போடு இணைப்பு ஒன்று. தொண்ணூற்று மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அழகான கையெழுத்தில் எல்சீரா சிஃபுவெந்தெஸ். முதல் பக்கத்தில் ஒரு வரி: "திருமதி சிஃபுவெந்தெஸின் இடைவிடாத அளவீடுகளின்படி, ஏரி இதைத் தாங்கும்."

அறிவிப்புப் பலகை முன்னால் நின்று அந்த வரியை அவள் மூன்று தரம் படித்தாள். பின்னால் யாரோ, "வாழ்த்துகள் கண்ணாடியம்மா, புதுக் குழாய்க்கு உங்க பேரையே வச்சிடுவாங்க போல," என்றார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று அந்த இடத்தில் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு மழை நாள் மாதிரி, ஓர் ஆய்வகத்தின் முத்திரையோடு, அவள் பேர் போட்டு, ஆகஸ்டுக்குள். தொண்ணூற்று மூன்று பொய்க்குப் பக்கத்தில் ஒரு நிஜம். அது இல்லாவிட்டால் அந்தக் குழாய் அவள் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏரிக்குள் இறங்கும்.

ஜூலை இரண்டாம் வாரம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது.

மழை என்றால் இந்த ஊருக்கு சொப்பாய்ப்பியா. பூசணிக்காயை வேகவைத்து மாவோடு பிசைந்து வட்டமாகத் தட்டி எண்ணெயில் பொரிக்க வேண்டும். முதல் தூறல் விழுந்ததும் ஊரில் எல்லா வீட்டிலும் வாணலி ஏறும். ஏறாத வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், அல்லது புருஷன் பெண்டாட்டி பேச்சு வார்த்தை இல்லை என்று பொருள். ஃப்ரேசியாவின் வண்டிக்கு அதுதான் திருவிழா. அவள் எண்ணெயில் ஒரு சுருள் ஆரஞ்சுத் தோலைப் போடுவாள், மணத்துக்கு. அந்த மணத்துக்காகவே மூன்று தெரு தாண்டி வருவார்கள். சாயங்காலம் வியாபாரம் முடிந்ததும் கறுத்துப்போன எண்ணெய்ச் சட்டியைத் தூக்குவது எல்சீராவின் வேலை, அக்காவுக்கு இடுப்பு வலி. வாசலில் உள்ள வடிகாலின் கம்பி மூடியில் கவிழ்த்துவிட்டு வருவாள். தெருவில் எல்லாரும் அப்படித்தான். எதிர்வீட்டு மெக்கானிக்கும் மழைக்கென்றே பழைய எண்ணெயை டப்பாவில் சேர்த்து வைத்திருப்பான். "மழை கொண்டு போயிடும்," என்பார்கள். எங்கே என்றால் கடலுக்கு என்பார்கள். கடல் பன்னிரண்டு கிலோமீட்டர். நடுவில் ஒரு மலை. தண்ணீர் மலையேறிப் போகிறதா என்று யாரும் கேட்டதில்லை.

ரெனாத்தோ வைத்திருந்த வடிகால் வரைபடத்தில் நீலக் கோடுகள் எல்லாம் ஏரியில் வந்து முடிவதை எல்சீரா பார்த்திருக்கிறாள். தன் தெருவை அதில் தேடிப் பார்க்க அவளுக்குத் தோன்றியதில்லை. நீலக் கோடெல்லாம் மற்றவர்கள் தெரு என்றுதான் நினைத்திருந்தாள்.

அந்த ஜூலை மழையில் ஒருநாள் காலை பத்து மணிக்கு எல்சீரா பூட்ஸை மாட்டினாள்.

"எங்கடி கிளம்பிட்ட? மாவு யாரு பிசையறது?" என்றாள் ஃப்ரேசியா.

"ஏரிக்கு. நீயும் வா. குடை பிடிக்க ஆள் வேணும்."

"எட்டு வருஷமா மழையில கால நனைக்காம சம்பளம் வாங்கினவ, இன்னைக்கு என்ன ஞானோதயம்?"

"வர்றியா, இல்ல எலெயுத்தேரியோவக் கூப்பிடவா?"

ஃப்ரேசியா வந்தாள். திட்டிக்கொண்டே வந்தாள். இரண்டு பேரும் அன்னத்தில் ஏறி மிதித்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி, ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தி, நடுவில் ஒரு பூப்போட்ட குடை. காற்று குடையைத் திருப்பிப் போட்டது. ஏரியின் மேற்குக் கரையில் மூன்றாம் எண் குழாய் வாயைத் திறந்துகொண்டு காப்பி நிறத்தில் கக்கிக்கொண்டிருந்தது. மேலே வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம், நுரை, பிளாஸ்டிக், ஒரு குழந்தைச் செருப்பு. பக்கத்தில் போனதும் இருவருக்கும் அந்த மணம் தெரிந்தது. கரியாகிச் சுருண்ட ஆரஞ்சுத் தோல்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் குழாயிலிருந்து இறங்கி, வாத்துக் குஞ்சுகள் போல வரிசையாக ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தன.

அக்கா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"இது நம்முது இல்ல," என்றாள் ஃப்ரேசியா.

"பின்ன யாருது? ஊருல வேற எவ தோல் போடுறா?"

"எவளாவது என்னப் பாத்துக் காப்பி அடிச்சிருப்பா."

"அக்கா."

"கடலுக்குத்தானடி போகும்னு சொன்னாங்க!"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். நீதான் நகராட்சில இருக்க, உனக்குத் தெரியாதா? சட்டியத் தூக்கிக் கவுத்தது நானா நீயா?"

எல்சீரா குப்பியை அரை மீட்டர் ஆழத்துக்கு விட்டு நிரப்பினாள். தூக்கிப் பார்த்தபோது கழுத்தில் ஒரு தோல் சுருள் ஒட்டியிருந்தது. விரலால் சுண்டி எறிந்தாள். எறிந்த பிறகுதான் உறுத்தியது. ஊர் அழுக்கையெல்லாம் குப்பியில் அடைத்து அனுப்புகிறவள், தன் வீட்டு அழுக்கை மட்டும் ஒதுக்குகிறாள். தொண்ணூற்று நான்காவது தரமும் அதே வேலை. குப்பியைக் கவிழ்த்துக் கொட்டினாள். திரும்ப விட்டு எடுத்தாள். வந்தது எதுவானாலும் வரட்டும் என்று மூடினாள். வெள்ளைத் தட்டை விட்டபோது முதல் முடிச்சுகூட நனையவில்லை, அதற்குள் மறைந்துவிட்டது.

படிவத்தில் மழைக்குக் கட்டம் இல்லை. பேனாவால் தானே ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் 'மழை' என்று எழுதி, கட்டத்துக்குள் குறி போட்டாள்.

விளாதிமிர் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்த்தார். குப்பியை அவர் பார்க்கவே இல்லை.

"இது என்னம்மா?"

"மழை சார்."

"படிவத்துல இப்படி ஒரு கட்டம் இல்லையே."

"வெளிய இருக்கு சார். ஜன்னலத் தொறந்து பாருங்க."

"எல்சீராம்மா, நான் கிண்டல் பண்ற மூடுல இல்ல. நீங்க வழுக்கி விழுந்திருந்தா யாரு பதில் சொல்றது? உயிர்காப்பு அங்கி போட்டீங்களா?"

"அங்கி குடுத்தாத்தானே சார் போட?"

"குடுக்காததுக்குக் காரணம் என்ன? மழையில போகக் கூடாதுங்கிற விதி இருக்கு. விதி இருக்கிறதால அங்கி தேவையில்ல. தேவையில்லாததால வாங்கல. இதுல எங்க தப்பு இருக்கு?"

"தப்பே இல்ல சார். வட்டமா, அழகா இருக்கு. இந்தக் குப்பிய மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பிடுங்க."

"செல்லாத படிவத்தோட வந்த தண்ணி, தண்ணியே இல்ல," என்றார் விளாதிமிர். மேஜை இழுப்பறையைத் திறந்து எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை எடுத்தார். அதற்கு எல்லாக் கட்டமும் அச்சடித்துத் தயாராக இருந்தது. மன்னிப்புக் கேட்கிற குரலில், "கையெழுத்து மட்டும் போட்டுடுங்க," என்றார்.

குப்பி இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், குளிர்ச்சி குறையக் கூடாது. எல்சீரா நேரே சந்தைக்குப் போனாள்.

"ஐஸ் வேணும். ஒரு பெட்டி நிறைய."

"கண்ணாடியம்மாவுக்கு எதுக்கு ஐஸ்?" என்றான் எலெயுத்தேரியோ.

அவள் குப்பியைத் தூக்கிக் காட்டினாள். அவன் வாங்கி மூடியைத் திறந்து மோந்தான். மீன் பெட்டி ஒன்றைக் காலி செய்து, ஐஸை உடைத்துப் போட்டு, குப்பியை நடுவில் வைத்துத் துணி சுற்றினான். "இதுக்கும் கையெழுத்துப் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான். போட்டிருந்தாள்.

சாயங்கால பஸ்ஸில் பெட்டி தலைநகருக்குப் போயிற்று. ஊறுகாய், தொத்திறைச்சி, மாமியாருக்கு மருந்து என்று எல்லாம் போகிற அதே பார்சல் பெட்டியறையில்தான். மறுநாள் காலை ஆய்வகத்திலிருந்து ரசீது வந்தது. பெற்றுக்கொண்டோம், முடிவு பின்னர்.

பின்னர் என்பது ஆகஸ்டுக்குள் வரவில்லை. மன்றக் கூட்டத்தன்று எல்சீரா தேவாலயத்துக்குப் போடுகிற நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். பொதுமக்கள் பேச மூன்று நிமிஷம். எழுந்து நின்றாள்.

"என் பேரு எல்சீரா சிஃபுவெந்தெஸ். அந்தத் தொண்ணூத்தி மூணு பக்கமும் நான் போட்ட கையெழுத்து. அதுல முப்பத்தெட்டு மாசம் நான் ஏரிப் பக்கமே போகல. போனதா எழுதியிருக்கு. மழையில என்ன வருதுன்னு போன மாசம்தான் பாத்தேன். எங்க வீட்டு எண்ணெயும் அதுல வருது. உங்க வீட்டுதும் வருது. மேயர் சார், உங்க தெரு ரெண்டாம் நம்பர் குழாய்."

கூட்டத்தில் சிரிப்பு. மேயர் சிரிக்கவில்லை.

"ஆதாரம் இருக்காம்மா?"

"தலைநகருக்குப் போயிருக்கு."

"அப்ப அது வந்ததும் படிச்சுப் பாக்கிறோம். கைல இருக்கிறது என்ன? உங்க கையெழுத்து. நாங்க உங்கள நம்புறோம். நீங்கதான் உங்கள நம்ப மாட்டேங்கறீங்க."

ஓர் உறுப்பினர் அம்மாள் பரிவோடு, "வயசாயிட்டா இப்படித்தான், குளிர் வேற," என்றாள். ஏழு கைகள் தூக்கப்பட்டன. ஒரு கை தூங்கிவிட்டதால் தூக்கப்படவில்லை.

புதுக் குழாயை டிசம்பரில் திறந்து வைத்தார்கள். நல்ல வெயில். பள்ளிப் பிள்ளைகள் கைக்கொடி ஆட்ட, மேயர் நாடா வெட்ட, ஒரு சொட்டுத் தண்ணீர் வராத குழாயைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். விளாதிமிர் கரையோரம் 'வழுக்கும், கவனம்' என்று பலகை நட்டிருந்தார்.

அதற்குப் பிறகு எல்சீரா ஒவ்வொரு மாதப் படிவத்திலும் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுதினாள்: மழை நாளில் பார்க்கவில்லை. முதல் மாதம் விளாதிமிர் அதை வெள்ளை மையால் அழித்தார். இரண்டாம் மாதமும். மூன்றாம் மாதம் நகராட்சி அவள் கையெழுத்தை ரப்பர் முத்திரையாகச் செய்துகொண்டது. மிக நேர்த்தியான முத்திரை. சுழிகள்கூட அப்படியே இருந்தன. முத்திரை வந்தபின் ஆள் எதற்கு? கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே குறைகூற யாரும் வருவதில்லை என்று ஆறுதல் சொன்னார் விளாதிமிர்.

வீட்டில் வேறு போர். எல்சீரா எண்ணெய்ச் சட்டியை வடிகால் பக்கம் கொண்டுபோக விடவில்லை. மீதி எண்ணெயை ஐந்து லிட்டர் கேன்களில் ஊற்றினாள். நகராட்சிக் குப்பை வண்டி திரவம் எடுக்காது. அதற்கும் ஒரு விதி. கேன்கள் சமையலறை தாண்டி, நடை தாண்டி, ஃப்ரேசியாவின் கட்டிலுக்கு அடியில் போயின.

"செத்தா என்னை இதுலயே பொரிச்சிடுவ போலிருக்குடி," என்பாள் அக்கா.

"தோல் போட்டுப் பொரிக்கிறேன், கவலைப்படாத."

எதிர்வீட்டு மெக்கானிக் முதலில் சிரித்தான். அப்புறம் ஒருநாள் தன் டப்பாக்களையும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். மற்ற வீடுகள் கவிழ்த்துக்கொண்டுதான் இருந்தன. நாலு வீடு தள்ளி இருக்கிற பெண்ணிடம் எல்சீரா கேட்டபோது, "என் ஒரு சட்டியாலயா ஏரி நாறப் போகுது?" என்றாள். தொண்ணூற்று மூன்று கையெழுத்தில் எந்த ஒன்றால் என்று எல்சீரா தனக்குள் கேட்டுக்கொண்டதுண்டு. எனவே அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. கேனை மட்டும் வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

புதுக் குழாய் வந்த மூன்றாம் கோடையில் அன்னப் படகுகளை ஏரியிலிருந்து தூக்கிவிட்டார்கள். பாசியில் மிதி சிக்குகிறது, பயணிகளுக்கு அலர்ஜி. ஏட்டில் தெளிவு நன்றாகவே இருந்தது. ரப்பர் முத்திரைக்கு மூக்கு கிடையாது.

2021 அக்டோபரில், குப்பியை அனுப்பி நான்கு வருஷம் மூன்று மாதம் கழித்து, எல்சீரா கல்லறை அலுவலகத்தில் இருக்கும்போது கைப்பேசியில் மின்னஞ்சல் ஒன்று வந்தது. தலைநகர ஆய்வகம். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள்.

"மதிப்பிற்குரிய திருமதி எல்சீரா சிஃபுவெந்தெஸ் அவர்களுக்கு. 'லோ மார்தோனெஸ் ஏரி' என்ற பெயரில் தாங்கள் அனுப்பிய மாதிரி முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது. தாமதத்துக்கு வருந்துகிறோம். முடிவுகளில் ஐயம் எழுந்ததால் மூன்று முறை திரும்பச் செய்தோம். தாங்கள் அனுப்பியிருப்பது ஏரித் தண்ணீர் அல்ல. சுத்திகரிக்கப்படாத வீட்டுக் கழிவுநீர். சாந்தா ருஃபீனா நகராட்சி எங்களுக்கு மாதந்தோறும் அனுப்பிவரும் அளவீடுகளோடு இது எவ்விதத்திலும் பொருந்தவில்லை. ஆகவே ஏரியின் பதிவேட்டில் இதைச் சேர்க்க இயலாது. குப்பி தவறுதலாக மாறியிருக்கலாம் எனக் கருதுகிறோம். ஏரியைப் பரிசோதிக்க விரும்பினால், தயவுசெய்து ஏரியின் தண்ணீரை அனுப்பவும்."